எமனுக்கு விட்ட மிரட்டல்

கிட்ட வாங்க கண்ணுகளா, ஒரு கதை சொல்கிறேன்.

தம்பி சுடலை செத்தபோது அயல்நாட்டிலிருந்து வர முடியாத அக்காமார் மூவரும், அவன் தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே நடத்திவந்த விளையாட்டு உலகத்தில் கூடினார்கள். அங்கே அவன் கட்டிய வீட்டு முற்றத்தில் மூன்று பொம்மைகளாக உட்கார்ந்தார்கள். மூத்தவள் உலகம்மா ஒப்பாரி எடுத்தாள்: “ஏலே எமா, கையில சிக்குனா உன்ன வெட்டிப் போட்ருவேன்!”

அவள் திரையிலிருந்து முற்றம் மறைந்தது. ‘எமா என்னும் சக பயனரைக் கொல்வதாக மிரட்டினீர்கள். உங்களுக்குத் தடை’ என்று விளையாட்டை விற்ற நிறுவனம் எழுதியது.

“எங்க வீட்டு எழவுல ஒட்டுக்கேக்க இவன் யாருட்டி?” என்று தங்கைகளிடம் போனில் கத்தினாள் உலகம்மா.

“மிரட்டப்பட்டவரே வந்து மன்னிச்சாத்தான் திறப்பாங்களாம்க்கா” என்றாள் இளையவள்.

“அப்போ எமனையே வரச்சொல்லு. அந்தக் கம்பெனி வாசல் வழியா வரட்டும்!”

உங்கள் வீடு சிரிப்பால் நிறையட்டும் கண்ணுகளா. அழ நேர்ந்தாலும் எவன் அனுமதியும் கேட்காமல் வாய்விட்டு அழட்டும்.