பூட்டிய கேட்டும் ரோஜாவும்

மணி எட்டு. ரோஜாத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியே காலிச் சாக்குகளோடு நிற்கிறோம். பால்கன் மலைச்சரிவில் மே மாத வெயில் ஏறிவிட்டது. இதழ்களில் பனி காய்ந்துவிட்டது. பனியோடு பறித்தால்தான் காய்ச்சும்போது எண்ணெய் இறங்கும். புது மேனேஜர் பிளாமென் சாவியைச் சுழற்றியபடி காரிலிருந்து இறங்குகிறார். எட்டு மணிக்கு வந்தால் போதும் என்று நேற்று அவராகவே உத்தரவு ஒட்டினார். நாங்கள் தூங்கட்டும் என்று இரக்கமாம். முப்பது வருஷமாகப் பூப்பறிக்கும் ஸ்டோயங்கா அக்கா கம்பி வழியே ஒரு பூவைக் கிள்ளி அவர் மூக்கருகே நீட்டுகிறாள்.

"மோந்து பாருங்க சார். வாசம் எங்க போச்சு?"

அவர் முகம் சுருங்குகிறது. "தெரிஞ்சவங்க சீக்கிரமே வந்திருக்கலாமே?"

"அஞ்சு மணிக்கே வந்துட்டோம். பூட்டின கேட்டுக்கு வெளிய நின்னு பனி காயறதைப் பார்த்துக்கிட்டிருந்தோம்."