தலைமையாசிரியரின் நிம்மதி

தலைமையாசிரியர் தணிகாசலத்தின் நெற்றியில் ஒரு சுருக்கம் கிடையாது. கவலையைக் கையில் வைத்திருந்தால்தானே விழும்! காலை வழிபாடு முடிந்ததும் ஆசிரியர்கள் வரிசையில் நின்று மணிக்கட்டை நீட்ட வேண்டும். தன் கையில் கட்டியிருக்கும் கவலை மாற்றும் பட்டையால் அதில் ஒரு தட்டுத் தட்டுவார். அவருடைய டென்ஷன் முழுக்க அவர்கள் உடம்பில் இறங்கிவிடும். இதற்கு அரசாணையே உண்டு.

அன்று ஆறாம் வகுப்பு எழிலரசி டீச்சருக்குத் தட்டு விழுந்ததும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

"சார், இன்னைக்கு ஏன் இவ்வளவு கனமா இருக்கு? என்ன விஷயம்?"

"விஷயம் உங்களுக்கு எதுக்கு மேடம்? டென்ஷனை மட்டும் வாங்கிக்கோங்க" என்று பல்லைக் காட்டினார். அந்தப் பல்லுக்கு நல்லாசிரியர் விருது வேறு.

வகுப்பில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எதற்கென்றே தெரியாத பயம். பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள், அது போதுமாக இருந்தது. "எல்லாரும் வெளியே போய் முட்டி போடுங்க!" என்று கத்தி, அத்தனை பிள்ளைகளையும் வெயிலுக்கு விரட்டினாள். அவளும் வாசலைத் தாண்டினாள். கூரை மொத்தமாக இடிந்து பெஞ்சுகள்மேல் விழுந்தது.

தணிகாசலம் டீ டம்ளரோடு ஆடி அசைந்து வந்தார்.

"கூரை தாங்காதுன்னு எஞ்சினியர் காலையிலேயே போன் பண்ணினாரு. வழிபாட்டுக்கு அப்புறம் ஏனோ எனக்கு அந்தக் கவலையே வரலை."

எழிலரசி பிள்ளைகளை ஒவ்வொருவராக எண்ணத் தொடங்கினாள்.

"அதை விடுங்க. பிள்ளைங்களை முட்டி போட வெச்சீங்களே, அதுக்கு விளக்கம் எழுதிக் குடுங்க. மேலிடத்துல என்னைத்தானே கேப்பாங்க..."

அதைச் சொல்லும்போதுதான் அவர் நெற்றியில் முதல் சுருக்கம் விழுந்தது.

"கையை நீட்டுங்க மேடம்."