ஃபெர்கலும் ஒற்றை முள்மரமும்

"அயர்லாந்துல எதுக்கும் பயப்படாத ஒரே ஆம்பளை நான்தான்" என்று காலைச் சாப்பாட்டின்போது ஃபெர்கல் அறிவித்தான்.

தங்கை ப்ரோனா பதின்வயதுப் பிள்ளைகளுக்காக மூன்று வருடமாகக் கையால் எழுதிய மாயக்கதை நாவல் அவன் முன்னால் கிடந்தது.

"யாரும் நடாம தானா முளைச்ச ஒத்த முள்மரம் தேவதைங்களோடதாம், அதுல கை வெச்சா கெட்டது நடக்குமாம். அதுக்குப் பயந்து ராஜா படையையே சுத்திக் கூட்டிட்டுப் போறானாம். எந்தப் பிள்ளை இதை நம்பும்?"

"நம்ம வயல்லயும் அப்படி ஒண்ணு நிக்குதே, வெட்டேன். வெட்டிட்டா நாவலை அடுப்புல போட்டுடறேன்" என்றாள் ப்ரோனா.

"அடுப்பைப் பத்த வை!"

ஃபெர்கல் சங்கிலி ரம்பத்தோடு டிராக்டரில் ஏறினான். நாவலைத் தூக்கிக்கொண்டு ப்ரோனாவும் பின்னால் நடந்தாள்.

மரத்தடியில் ரம்பம் உறுமியது. பிறகு நின்றது.

"சங்கிலி மழுங்கியிருக்கு."

"நேத்துதானே தீட்டினே?"

"மழை வரும்போல இருக்கு."

"நம்ம ஊர்ல என்னைக்கு வரல? வெட்டுண்ணா!"

ஃபெர்கல் ரம்பத்தைக் கீழே வைத்தான். ப்ரோனா சிரித்துவிட்டாள்.

"பயப்படாதே. இது தானா முளைச்சதில்ல. நீ ஆஸ்திரேலியாவுல இருந்தப்ப நர்சரியில வாங்கிட்டு வந்து நான் நட்ட மரம். இப்ப வெட்டு, பார்க்கலாம்!" என்று நாவலை நீட்டினாள்.

ஃபெர்கல் மரத்தை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"நீ நட்டதுன்னு... அந்தத் தேவதைங்களுக்குத் தெரியுமா?" என்று கிசுகிசுத்தான்.

பிறகு தொப்பியைக் கழற்றி மரத்துக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, டிராக்டரை வயலைச் சுற்றி மெதுவாக வீட்டுக்கு ஓட்டினான்.