வருகை நாள்

“வர்ற ஞாயித்துக்கெயம கர்த்தர் வர்றாரு, உலகம் முடியுது!” என்று யாரோ ஒரு பிரசங்கி பெருநகர் கிராமத்தில் கொளுத்திப் போட்டுவிட்டுப் போனான். சபையார் நடவு வேலையை விட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தார்கள்.

உபதேசியார் ஞானசிகாமணி வீடு வீடாக ஏறினார். முதல் வீட்டில் வேதத்தைப் பிரித்து, அந்த நாளை ஒருவரும் அறியார் என்று பொறுமையாக விளக்கினார். போகப்போகத் தொண்டை கட்டியது, கால் ஓய்ந்தது. “ஞாயித்துக்கெயம அவரு வரமாட்டாரும்மா, போய் வேலையப் பாரு” என்பதோடு மற்ற வீடுகளில் முடித்துக்கொண்டார்.

ஞாயிறன்று மணியடித்துக் காத்திருந்தார். சர்ச்சில் ஈ காக்கை இல்லை. தேடிப்போனால், சபையே சேற்றில் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தது.

“இன்னாம்மா ராகேலு, ஆராதனைக்கு வரலியா?”

ராகேல் நிமிர்ந்தாள்.

“அவரே வரமாட்டாருன்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க? நாங்க மட்டும் வந்து இன்னா பண்றது?”