எட்டாம் நம்பர் கட்டில்

"வாய் பேச வராது. கை கால் விளங்காது. எறும்பு கடிச்சாக்கூட சொல்லத் தெரியாது. அப்படிப்பட்ட ஆள நீங்க எப்படிப் பாத்துக்கிறீங்கன்னு எனக்குத் தெரியணும் சார். அதுக்குத்தான் ஆறு நாள் டயம் கேட்டேன்" என்றான் ரவிக்குமார்.

"தாராளமா பாருங்க சார். இங்க மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல" என்று மேனேஜர் செங்குட்டுவன் சிரித்த முகத்தோடு எழுந்தார். திருவொற்றியூரில் அந்த முதியோர் இல்லத்தைத் திறந்த நாளிலிருந்து அவர் அந்தச் சிரிப்பை இறக்கி வைத்ததில்லை.

கூடத்தில் பத்துக் கட்டில்கள். எட்டாம் நம்பர் கட்டிலில் ரவிக்குமாரின் அம்மா பவுனம்மாள் விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தாள். காசிமேட்டில் முப்பது வருஷம் மீன் விற்றவள். ஏலக்காரர்களையே வாயடைக்க வைத்தவள். ஆறு நாளாக அந்த வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

ஓர் ஈ வந்து அவள் மூக்கின்மேல் உட்கார்ந்தது. அவள் அசையவில்லை. ரவிக்குமாருக்குத்தான் பொறுக்கவில்லை, விரட்டிவிட்டான்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கிறோம் சார். இதோ சார்ட்." கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்து மேனேஜர் பெருமையாக நீட்டினார்.

ரவிக்குமார் அதை மேலிருந்து கீழ்வரை படித்தான். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவன். கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் தூக்க மாட்டான்.

"இன்னிக்கு இன்னா தேதி சார்?"

"பன்னெண்டு."

"பதிமூணாந்தேதிக்கும் டிக் அடிச்சு வச்சுகீறீங்களே!"

மேனேஜரின் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "அது... கை தவறி விழுந்திருக்கும்."

"டாக்டரு?"

"வாரத்துல ரெண்டு நாள். நேத்துகூட அம்மாவைப் பக்கத்துல உட்கார்ந்து பரிசோதிச்சாரே!"

ரவிக்குமார் அம்மாவைப் பார்த்தான். அவள் கண் விட்டத்தை விட்டு நகரவில்லை.

அவன் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. மனைவி ஜெயஸ்ரீ. "இன்னா முடிவு பண்ண? என் லீவு இன்னியோட சரி. நாளைக்கு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு நான் போயாவணும்."

"இரு, சொல்றேன்" என்று போனை வைத்தான். "சார், இதுக்கு முன்னால மூணு எடம் பாத்தாச்சு. மூணும் தேறல. இதுவும் தேறலன்னா வூட்டுலதான் வச்சுக்கணும். வூட்டுல தூக்கித் திருப்ப ஆள் இல்ல. தூக்கப்போயி போன மாசம் கீழ விழுந்ததுதான் மிச்சம். ஆனா ஒண்ணு, கலீஜான எடத்துல மட்டும் விடமாட்டேன். ஆயாவக் கூப்புடுங்க."

ஷரீஃபுன்னிசா ஈரத் துணியும் தண்ணீர் பேசினுமாக வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"ராவுல யாரும்மா திருப்பிப் போடறது?"

"ராவுல நான் இல்லீங்க, பகல்லதான். பொய் சொல்ல மாட்டேன். காத்தால நான் வந்து பாக்கசொல்ல, சாயந்தரம் வுட்டுட்டுப் போன மேனிக்கே கெடக்கறாங்க. இடுப்புல செவந்துகூட பூட்ச்சு. எண்ணெய் தடவிக்கினு கீறேன்."

"ஷரீஃபுன்னிசா!" என்றார் மேனேஜர்.

"கேக்கறாங்க இல்ல சார்?"

மேனேஜர் ரவிக்குமாரின் பக்கம் திரும்பினார். "இவ பேச்சைக் கேக்காதீங்க சார். ஒரு கட்டிலுக்கே அரை மணி நேரம் எடுத்துக்கறா. வேலையைவிடப் பேச்சுதான் அதிகம். வாய் பேசாதவங்ககிட்ட என்ன பேச்சு வேண்டிக்கிடக்கு?"

"வாய்தான சார் வராது, காது கேக்குதே!" என்றாள் ஷரீஃபுன்னிசா. "'யக்கா, இப்போ திருப்பப் போறேன், பயப்படாதே'ன்னு சொல்லிட்டுத் தொட்டா ஒடம்பு நம்ம கைக்கு வரும். சொல்லாம கொள்ளாம தூக்கினா வெடவெடன்னு ஆயிடும். மனுசங்கதான அவுங்க?"

சொல்லிவிட்டு, "யக்கா, மூஞ்சி தொடைக்கிறேன், ஈ மொய்க்குது" என்றபடி பவுனம்மாளின் முகத்தைத் துடைத்தாள். ரவிக்குமார் அவள் கைகளையே பார்த்தான். மூன்று இடங்களில் தேடியும் கிடைக்காத ஒன்று இங்கே பேசினும் கையுமாக நின்றது.

மேனேஜர் விடவில்லை. "சின்னச் சின்னக் குறை இருந்தா சரி பண்ணிடலாம் சார். உங்க முடிவைச் சொல்லுங்க."

"முடிவு என்னுது இல்ல சார்." ரவிக்குமார் கட்டிலருகே குனிந்தான். "அம்மா, நீதான் சொல்லணும்."

மேனேஜர் உச்சுக்கொட்டினார். "பாவம், அவங்க எப்படி சார் சொல்லுவாங்க?"

பவுனம்மாள் விருட்டென்று எழுந்து உட்கார்ந்து, அவிழ்ந்த கொண்டையை இழுத்து முடிந்துகொண்டாள்.

"டாக்டரு நேத்து வாசப்படியோட பூட்டாரு, ராவுல ஒருத்தரும் எட்டிப் பாக்கல. ஆனா இந்தப் பொண்ணு கை நல்ல கைடா. ராவுக்கும் இவள மாதிரி ஒருத்திய இந்த ஆபீஸ்காரரு போடட்டும், அதுவரிக்கும் நான் கட்டில விட்டு எறங்க மாட்டேன். அப்பால வூட்டுக்குப் போயி, வாய் பேச வராத உங்க நைனாவ இட்டுக்கினு வந்து இந்தக் கட்டில்ல படுக்க வை!"