வேர் முடிச்சு

இரண்டு பசு, பதினாலாயிரத்து அறுநூறு ஷில்லிங். நெலிமாவைக் கட்டியதற்காக கயெம்பா அவள் வீட்டுக்குத் தரவேண்டிய பரிசப் பாக்கி அது. பத்தொன்பது வருஷமாகத் தரவில்லை.

இப்போது நெலிமா பெட்டிக்குள் கிடக்கிறாள். பரிசம் தீராத பெண்ணைப் புருஷன் மண்ணில் புதைக்கக் கூடாது என்பது வழக்கம். அவள் அண்ணன் சிடாட்டி குழி மேட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"பசு எங்க மச்சான்? நொண்டிக்கிட்டு வருதா?"

நெலிமாவின் பீன்ஸ் கொல்லை ஓரத்தில் குழியைக் கயெம்பாவேதான் வெட்டியிருந்தான். உள்ளங்கை கிழிந்திருந்தது, வலி தெரியவில்லை. அழுகையும் வரவில்லை.

"வெறுங்கையோட வந்தவள்னு என் தங்கச்சியை எத்தனை தடவை ஏசியிருப்பே?"

ஏசியிருந்தான். தாய்வீட்டிலிருந்து தலையில் மூட்டையோடு வருகிறாள் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். வாசலில் வந்து நிற்கும்போது ஒன்றும் இருக்காது. வழியிலேயே விற்றுத் தின்கிறாள் என்று நினைத்தான்.

மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. பணம்தான் வந்துவிட்டது என்று பாதி சனம் எழுந்தது. இறங்கியவள் ஆராய்ச்சிக் கூடத்துப் பெண் மொரா. ஊர்க் கொல்லையிலெல்லாம் செடி மஞ்சளாகிப்போனபோது நெலிமாவின் கொல்லை மட்டும் பச்சையாக நிற்கக் கண்டு, போன பருவத்தில் செடிகளை வேரோடு பிடுங்கிப் போனவள். கையில் ஒரே ஒரு காகிதம்.

பெட்டியைப் பார்த்ததும் அவள் காகிதத்தை மடித்தாள். "அக்காகிட்ட சோதனை முடிவைச் சொல்லலாம்னு..."

"சொல்லும்மா. நாங்க கேக்கிறோம்" என்றான் சிடாட்டி.

"காத்துல இருக்கிற சத்தைப் பிடிச்சுச் செடிக்குக் கொடுக்கிற கிருமி ஒண்ணு வேர் முடிச்சுக்குள்ள குடியிருக்கும். அதோட மரபணு முழுசையும் எழுத்தெழுத்தா வாசிச்சோம். இந்தக் கிருமி இந்த ஊர்ல வேற எந்தக் கொல்லையிலயும் இல்லை. எல்கன் மலையில, அக்கா பொறந்த ஊர்ல எடுத்ததோட அச்சு அசலா ஒத்துப்போகுது. வருஷா வருஷம் மண்ணை மூட்டை கட்டிச் சுமந்து வந்து கொல்லையில கொட்டினாங்களாம். கேட்டப்ப அக்காவே சொன்னாங்க."

கயெம்பா கொல்லையைப் பார்த்தான். அப்போதும் அழுகை வரவில்லை.

சிடாட்டி மட்டும் விடவில்லை. "அப்ப மண்ணுக்கும் சேர்த்துக் கணக்குப் போடணும், மச்சான்."

யாரும் சிரிக்கவில்லை. சிடாட்டி குனிந்து, குழி மேட்டிலிருந்து ஒரு பிடி மண் அள்ளினான். வெகுநேரம் கையை மூடவேயில்லை. பிறகு எழுந்து, பெட்டியின் தலைமாட்டுக் கயிற்றைப் பிடித்தான்.

"இறக்குங்கடா. எங்க மண்ணுல எங்க புள்ளையைப் புதைக்க, யாரு யாருக்குப் பாக்கி?"