ரத்தப் பொருத்தம்

குப்பத்துத் தடுப்பூசி மையத்தில் ஜெனோவா நர்ஸுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு மலேரியா தடுப்பூசியை இப்போதெல்லாம் தாய் தகப்பன் இருவரின் ரத்தத்தையும் பார்த்து, அதற்கேற்ற பெப்டைடு என்னும் புரதத் துணுக்குகளைக் கோத்துத்தான் செய்கிறார்கள். கணவன் கிளாட்வின் கடலுக்குப் போகாமல், கோயிலுக்குப் போடும் சட்டையோடு வந்து கையை நீட்டிவிட்டு, பஞ்சை அழுத்தியபடி வெளியே போனான்.

"சிஸ்டர், அப்பா ரத்தம் பொருந்தாமப் போனா?"

"ஊசி போட்டும் பிரயோசனமில்லம்மா. போன மாசம் அப்படித்தான் ஒரு புள்ள காய்ச்சல்லயே போயிருச்சு."

ஜன்னலுக்கு வெளியே கிளாட்வின் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தப் பஞ்சைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது.

ஜெனோவா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"சிஸ்டர், இன்னொருத்தர்கிட்டயும் ரத்தம் எடுக்கணும்."